மின்னல் பெட்டிக்குச் சந்தனம்

கடை வாசலில் நீல நைலான் கயிற்றைச் சுருட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "என்ன டீச்சர், கயிறு வேணுங்களா?" என்று கடைக்காரர் கேட்டால், வேண்டவே வேண்டாம் என்று வேகமாக நடந்துவிடுகிறேன். இந்த விஜயதசமிக்குப் பிறகு வந்த பழக்கம் இது.

நான் பயந்த சுபாவம். புதுக்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனால், அத்தனை நூற்றாண்டு அசையாமல் கிடந்த பாறை நாங்கள் ஏறும்போது உருண்டுவிடுமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறுவேன். வீட்டில் கிரைண்டரைக் கழுவ வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கினால் போதாது, மெயினையே அணைத்துவிடுவேன். "ஃபேன் போடவும் ரப்பர் செருப்புப் போட்டுட்டுத்தான் வரணுமா?" என்று என் கணவர் கேட்பார். கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடுவார்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே மகள் திருச்சியில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள். போன விடுமுறையில் வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அத்தை கொட்டகைப் புகைக்கு ஒரு பெட்டி செய்யப்போறேன். பயப்படாத. பத்தாயிரம் வோல்ட்டுதான்."

அந்தத் 'தான்' என்பதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அத்தை என்று அவள் சொன்னது என் கணவரின் அக்காவை; நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆதனக்கோட்டையில் தஞ்சாவூர் சாலையோரம் கொட்டகை போட்டு முந்திரி வறுத்து விற்கிறார். காரில் போகிறவர்கள் நிறுத்தி, சூடு ஆறாத பருப்பை வாங்கிக்கொண்டு போவார்கள். வறுபட்ட பருப்பு வாசனைக்கு எல்லோரும் மயங்குவார்கள். வறுக்கும்போது வரும் புகையை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் பொத்துப்போகும். இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டுச் சூடேற்றும்போது அந்த எண்ணெய் கசிந்து, பற்றி எரிந்து, கறுப்புப் புகையாகக் கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும். சட்டியில் தீ ஏறியதும் கொட்டைகளைச் சாம்பல் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி அணைப்பார்கள். அப்போது எழும் ஆவி இன்னொரு ரகம். அக்கா இத்தனை வருஷமாக அதற்குள்தான் நிற்கிறார். இருமலை இருமலென்றே அவர் எடுத்துக்கொள்வதில்லை; பேச்சின் நடுவே வரும் ஒரு கமா மாதிரி இருமிவிட்டு மேலே பேசிக்கொண்டே போவார்.

தொல்லை பக்கத்து மனையிலிருந்து வந்தது. சிங்கப்பூரில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் அங்கே வீடு கட்டிக் குடிவந்தார். அவர் மனைவி அந்த ஊர்க்காரர்தான். அக்காவை மதினி என்று கூப்பிடுகிறவர். அவர்களுடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு நெஞ்சுச் சளி. ஒரு நாள் அந்த அம்மா கொட்டகைக்கே வந்துவிட்டார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"மதினி, அடுப்ப அங்கிட்டுக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்களேன்."

"அங்கிட்டுன்னா எங்கிட்டு? அங்கிட்டு ரோடு. ரோட்டுல வச்சா பஸ்ஸுக்காரன் என்னையச் சேத்து வறுத்துருவான்."

"பின்னாடி வைங்க."

"பின்னாடி ஒந்தோட்டம். எழுதிக் குடுக்குறியா?"

"வெளயாட்டுப் பேச்சு வேணாம் மதினி. என் பேரன் ராவும் பகலும் கத்துறது ஒங்களுக்குக் கேக்கலயா?"

"கேக்குது." அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "நான் என்ன சிரிச்சுக்கிட்டா கேக்குறேன்?"

சாலையை விட்டு உள்ளே போனால் அக்காவுக்கு வியாபாரம் இல்லை. இந்த அடுப்பு இந்த இடத்தில் இருக்க வேண்டும், அல்லது இல்லாமலே போக வேண்டும். அது அந்த அம்மாவுக்கும் தெரியும். தீபாவளி வரை பொறுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அதற்குள் புகை அடங்காவிட்டால் அடுப்பை எடுத்துவிடுவதாக அக்காவும் ஒப்புக்கொண்டார்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் என் மகள் பத்தாயிரம் வோல்ட்டைக் கையிலெடுத்தாள்.

அவள் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காற்றுக்குள் வலுவான மின்சாரத்தைச் செலுத்தினால் காற்றே உடைந்து வேறொரு நிலைக்குப் போய்விடுமாம். திடம், திரவம், வாயு மூன்றிலும் சேராத நிலை, பிளாஸ்மா. வானத்து மின்னல் அதுதான். நம் வீட்டு டியூப்லைட்டுக்குள் இருப்பதும் அதுதான். இவள் செய்த பெட்டியில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். அவற்றைச் சுற்றி ஊதா வெளிச்சமாகப் பிளாஸ்மா. அதற்குள் நுழையும் கெட்ட வாயுக்கள் சிதைந்துவிடும். கரித்தூளுக்கு மின்னூட்டம் ஏறி, பக்கத்திலிருக்கும் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"அப்ப எல்லாம் சுத்தம்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் ஓசோன் வரும்."

"அது நல்லதுதான? பாடத்துல படிச்சிருக்கேனே."

"மேல வானத்துல இருந்தா நல்லதும்மா. மூக்குக்குப் பக்கத்துல இருந்தா கெட்டது."

நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். புகையை ஓட்ட வந்த பெட்டி இன்னொரு விஷத்தைப் பெற்றுப் போட்டால் அந்தக் கைக்குழந்தையின் கதி என்ன? இரண்டு நாள் அதையே கேட்டு அரித்தேன். கடைசியில் பெட்டியின் உச்சியில் சிரட்டைக்கரியை ஓர் அடுக்காகப் போட்டாள். ஓசோன் அதில் பட்டு அழிந்துவிடுமாம். முதலிலேயே போடத்தான் இருந்தாளாம். எனக்காகப் போட்டதாக நினைத்துக்கொண்டு நான் அன்றைக்குத் தூங்கினேன். அடியில், புகையின் எண்ணெய்ப் பசையைப் பிடிக்க, கீரமங்கலத்திலிருந்து வந்த தேங்காய் நாரைத் திணித்து அதில் தண்ணீர் சொட்டும்படி செய்தாள். ஆக, தென்னைக்கு நடுவே மின்னல்.

வெல்டிங் பட்டறையிலிருந்து பெட்டி வீட்டுக்கு வந்தபோது ஒரு பீரோ அளவு இருந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூடியைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிட வேண்டும் என்றேன். செய்தாள். மின்சாரம் அளவுக்கு மீறினாலும் நிற்க வேண்டும் என்றேன். அதையும் செய்திருந்தாள். எனக்கு நிம்மதி வரவில்லை. தூரத்தில் நின்றுகொண்டு, பெட்டியைத் தொடாமலே அணைக்க ஒரு வழி வேண்டும் என்றேன்.

"ரயில்ல அபாயச் சங்கிலி இருக்குமே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரி."

"சரிம்மா. கயிறு ஒன்னோட செலவு."

கீழ ராஜ வீதியில் போய் நீல நைலான் கயிறு ஒரு கட்டு வாங்கினேன். பெட்டியின் சுவிட்சில் கட்டி, கொட்டகையின் வாசல் கம்பம் வரை இழுத்து, நுனியை அங்கே தொங்கவிட்டோம். இழுத்தால் அணையும். பாதிக் கயிறு மிச்சமிருந்தது. அந்த மிச்சம்தான் என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தது.

பக்கத்து வீட்டம்மா பெட்டியைப் பார்த்ததும் சந்தேகப்பட்டார். "இது புகையத் திங்குதா இல்லையான்னு எனக்கு எப்புடித் தெரியும்? மெஷினுல முள்ளு ஆடுறத நான் நம்ப மாட்டேன். எங்க வீட்டுக்காரரு வேட்டியக் கொடியில போடுறேன். அவரு ஊருக்கு வந்ததுலேருந்து வெள்ளை வேட்டியத் தவுர கட்டுறதில்ல. தெனம் சாயங்காலம் எடுத்துப் பாத்தா எள்ளு தூவுன மாதிரி இருக்கும். ஒரு சட்டி வறுத்து முடிச்ச பெறகு வேட்டி வெள்ளையா இருந்தா அடுப்பு இருக்கட்டும். கருத்துருச்சுன்னா தீபாவளியெல்லாம் கெடையாது மதினி, அன்னைக்கே எடுத்துரணும்."

"எடுத்துர்றேன்" என்றார் அக்கா. "ஆனா வேட்டிய நல்லாத் தொவச்சுப் போடு. பழைய கறைக்கெல்லாம் நான் பொறுப்பில்ல."

கொடி கட்டக் கயிறு வேண்டுமென்றார் அந்த அம்மா. மிச்சக் கயிற்றை நானே எடுத்துக் கொடுத்தேன். ஒரு முனையை அவர் வீட்டுச் சுவர்க் கொக்கியிலும், புகை வந்து விழும் பக்கமென்று மறுமுனையைக் கொட்டகையின் வாசல் கம்பத்திலும் கட்டினார்கள். கம்பத்தில் கட்டியவர் என் கணவர். இழுத்தால் சட்டென்று அவிழும்படி, மாட்டுக்குப் போடுகிற சுருக்கு முடிச்சு. ஆக, ஒரே கம்பத்தில் இரண்டு நீலக் கயிற்று நுனிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. பயப்படுவதற்கென்றே பிறந்த எனக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

பெட்டியைக் கொட்டகையில் இறக்கிய நாள் ஆயுத பூஜை. இறக்கியதும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று மகள் துடித்தாள். அக்கா விடவில்லை.

"இன்னைக்கு எந்தச் சாமானும் வேலை செய்யக் கூடாது மருமகளே. சட்டிக்கே லீவு விட்டுட்டேன், ஓம்பொட்டிக்கு என்ன அவசரம்? நாளைக்கு விசயதசமி. காலையில மொதல் வேலையாப் போடு."

"அத்தை, ஒரு தடவ மட்டும் போட்டுப் பாத்துக்கிறேன்."

"போட்டா வேலைதான? பூசையன்னைக்கு மெஷினும் மனுசன் மாதிரித்தான், படுத்துக் கெடக்கட்டும். ஆமா, உள்ள என்னதான் வச்சிருக்க?"

"மின்னல் இருக்குல்ல அத்தை, அதச் சின்னச்சின்னதாப் புடிச்சு வச்சிருக்கேன்."

"மின்னலயா? யாரக் கேட்டுப் புடிச்ச?"

எல்லோரும் சிரித்தோம். மகள் குளிக்கப் போனாள். அக்கா பித்தளைத் தட்டில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரும்புச் சட்டி, கரண்டி, ஓடு தட்டும் கட்டை, தராசு, என் கணவரின் ஸ்கூட்டர், கல்லாப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம், ஒரு துணுக்குப் பூ. மின்னல் பெட்டிக்கும் வைத்தார். நான் பூத்தொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் இல்லாத பெட்டி பெட்டியே இல்லை என்று அன்று நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் காலை பொரிகடலையும் சர்க்கரையும் தின்றுவிட்டு எல்லோரும் கொட்டகையில் கூடினோம். பக்கத்து வீட்டம்மா பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு தன் மதிலோரம் நின்றார். அவர் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டியிருந்த வேட்டியும் கொடியில் கிடந்த வேட்டியும் ஒரே வெள்ளையாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தபடி நின்றார். அதிகம் பேசாதவர். நான் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வாங்கி வந்திருந்தேன். அக்கா மட்டும் மறுத்துவிட்டார்.

"விசயதசமியன்னைக்குச் செருப்புப் போட்டுக்கிட்டு அடுப்பு மூட்டுறதா? நல்லாருக்கே. வேணும்னா பலகை மேல நிக்கிறேன். பலகையில கரண்டு ஏறாதுல்ல டீச்சர்?"

ஏறாது என்றேன். பலகை காய்ந்திருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, வாசல் கம்பத்துக்குப் போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அக்கா அடுப்பை மூட்டினார். கொட்டைகள் சூடேறின. வழக்கமான கறுப்புப் புகை எழும்பி, தகரக் கூம்புக்குள் போய், குழாய் வழியாகப் பெட்டிக்குள் இறங்கியது. மகள் கையுறையை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

பெட்டியின் முகத்திலிருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் ஊதாவாக மாறியது. நாவல் பழத்தைப் பிழிந்து வெளிச்சமாக்கியது போல ஒரு நிறம். மெல்லிய ரீங்காரம். எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். பெட்டியின் உச்சிக் குழாயிலிருந்து கறுப்பாக எதுவும் வரவில்லை. வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நடுங்குமே, அப்படி ஒரு நடுக்கம் மட்டும்.

"ஏத்தா!" என்றார் அக்கா, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி. "புகையக் காணோமே! எங்கிட்டுப் போச்சு?"

"உள்ளேயே செத்துப்போச்சு அத்தை!"

"அடியாத்தீ! இம்புட்டு வருசமா என்னையப் படுத்துன புகை, ஒரு பொட்டிக்குள்ள செத்துப்போச்சா?"

என் கணவர் கைதட்டினார். நானும் தட்டினேன். எனக்குள் என்னவோ நுரைத்துக்கொண்டு வந்தது. ஊதா வெளிச்சத்தில் மகளின் முகம், அக்காவின் வாய் பிளந்த சிரிப்பு, கொடியில் ஆடும் வேட்டி எல்லாம் திருவிழா மாதிரி இருந்தன. இருமாமல் அக்கா இரண்டு வாக்கியம் முழுதாகப் பேசியதை அப்போதுதான் கவனித்தேன். "என்னமோ ஜெராக்ஸ் கடை வாசனை அடிக்குதே" என்று மூக்கைச் சுளித்தார். அதுதான் ஓசோன், கரியடுக்கைத் தாண்டித் துளி வந்திருக்கும் என்று மகள் சொன்னாள். வேறு நாளாக இருந்தால் அந்தத் துளிக்கு நான் மயங்கி விழுந்திருப்பேன். அன்றைக்கு, முந்திரியை ஜெராக்ஸ் எடுத்து இரட்டிப்பாக்கிவிடலாம் என்று நானே ஒரு ஜோக் அடித்தேன். அத்தனை தூரம் போயிருந்தேன்.

சட்டி பாதி வறுபட்டிருக்கும். பெட்டிக்குள் கடுகு தாளிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பட், பட், படபட. ஜன்னலில் ஊதா விலகி வெள்ளை வெட்டியது. என்னவென்று பார்க்க மகள் குனிந்தாள். அவள் முகம் ஜன்னலுக்கு நேரே இருந்தது. உள்ளே மின்னல் ஒன்று பாம்பு மாதிரி குழாயின் மேலே நெளிந்து ஓடியதை நான் வாசல் கம்பத்திலிருந்தே பார்த்தேன். டமார் என்று கண்ணாடி வெடித்தது.

நான் அலறினேன். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். என் உடம்பில் இருக்கிற பலம் அத்தனையும் சேர்த்து இழுத்தேன். கயிறு வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஏன் இவ்வளவு வருகிறது என்று யோசிக்கவில்லை, மாட்டை இழுப்பது போல இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சாலையோரம் வரை போயிருப்பேன்.

திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி இருட்டாக இருந்தது. அது முன்பே தானாக அணைந்துவிட்டது. கண்ணாடி வெடித்த கணத்திலேயே உள்ளே இருந்த தடுப்பு வேலை செய்துவிட்டது. அபாயக் கயிறு கம்பத்தில் யாரும் தொடாமல் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் கையில் இருந்தது கொடிக்கயிறு; சுவர்க் கொக்கியில் கட்டியிருந்த முனையும் கழன்று வந்துவிட்டது. அதன் நடுவில், சாம்பல் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, தொட்டியிலிருந்து வெளியே வந்து, ஓட்டுக்கரி மேலே புரண்டு, என் பின்னாலேயே சாலைவரை வந்திருந்தது வேட்டி.

வேட்டியை யார் பார்த்தார்கள்! கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். மகளின் கையுறையைக் கழற்றி எறிந்தேன். முகத்தைத் தடவினேன், கண்ணைத் திறந்து பார்த்தேன், விரல்களைப் பிடித்து எண்ணினேன். எண்ணி முடித்து மறுபடி எண்ணினேன்.

"அம்மா. பத்துதாம்மா. எத்தன தடவ எண்ணினாலும் பத்துதான்."

பிறகு என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன் என்று என் கணவர் சொல்கிறார். அவர் மட்டும் என்ன, தன் ஸ்கூட்டரைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார்.

மெயினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, அதை நான் என் மடியில் வைத்துக்கொண்ட பிறகு மகள் மூடியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இது யாரு வச்சது?"

ஒவ்வொரு கண்ணாடிக் குழாயிலும், கம்பி வந்து சேரும் முனையில், வரிசையாகச் சந்தனப் பொட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியாத இடம்.

"நாந்தான்" என்றார் அக்கா. "ஏன்?"

"வெளிய வச்சீங்கள்ல அத்தை, உள்ள எதுக்கு?"

"வெளிய வச்சா தகரத்துக்கு வச்ச மாதிரி. வேலை செய்யுறது உள்ள இருக்குறதுதான? அதுக்கு வைக்காம விட்டா அது என்ன நெனைக்கும்?"

அந்த நியாயத்தில் நான் இன்றுவரை ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. சந்தனம் காய்ந்திருந்தவரை தொல்லை இல்லையாம். தேங்காய் நாரில் நனைந்த புகையின் ஈரம் ஏறியதும் சந்தனம் மறுபடி ஈரமாகி, பொட்டிலிருந்து பொட்டுக்கு மின்சாரம் படிக்கட்டு ஏறுவது போல ஏறிவிட்டது. முதல் நாளே ஓட்டிப் பார்க்க உட்கார்ந்திருந்தால் மூடியைத் திறந்து சரிபார்த்திருப்பாள். ஆயுத பூஜை என்று ஓட்டவில்லை. ஆயுத பூஜை என்றுதான் பொட்டும் வந்தது.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. பலகையை விட்டு இறங்கி, சாலையோரம் கிடந்த வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். கன்னங்கரேல் என்றிருந்தது. அதை மடித்துப் பக்கத்து வீட்டம்மாவிடம் மதில் வழியாக நீட்டினார்.

"சரி. வேட்டி கருத்துப்போச்சு. பேச்சு பேச்சுதான். அடுப்ப எடுத்துர்றேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. திரும்பி வந்து விறகை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார். பாதி வறுபட்ட கொட்டைகள் சட்டியில் படபடத்துக்கொண்டிருந்தன. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பக்கத்து வீட்டம்மா வேட்டியை விரித்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. குழந்தை விழுந்துவிடப் போகிறதே என்று நான் பயந்தேன். சிரிக்கிறார்.

"மதினி, வெறக வைங்க. இதக் கருப்பாக்குனது புகையா? ஒங்க டீச்சர்ல? டீச்சரு இழுத்துக்கிட்டு ஓடுனதுக்கு அடுப்பு என்ன பண்ணும்?" சிரிப்பு அடங்காமல் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, இன்னொரு வேட்டி எடுத்துட்டு வாங்க."

"எல்லாம் சலவைக்குப் போட்டிருக்கு" என்றார் அவர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

"அப்ப கட்டியிருக்கிறது?"

"இதையும் குடுத்துட்டு நான் எதக் கட்டுறது?"

"கைலியக் கட்டுங்க. புள்ளைக மெனக்கெட்டு மின்னலப் புடிச்சுட்டு வந்திருக்கு, ஒங்களுக்குக் கைலி கட்ட முடியலயா?"

அவர் உள்ளே போய்ச் சிங்கப்பூர்க் கைலியைக் கட்டிக்கொண்டு, வேட்டியை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து வந்தார். கொடியை இந்த முறை மதிலோடு மதிலாக, கம்பத்தைத் தொடாமல் கட்டினார்கள். மகள் ஸ்பிரிட்டால் ஒவ்வொரு குழாயையும் துடைத்தாள். வெடித்ததை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையை அடைத்தாள். போதும், விட்டுவிடு, வீட்டுக்குப் போகலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அக்கா விறகைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மடியிலிருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"அம்மா, நீ போய்க் கயித்தப் புடிச்சுக்க. இப்ப ஒரு கயிறுதான் இருக்கு. தப்பவே தப்பாது."

"இரு, இரு" என்று அக்கா குங்குமத் தட்டோடு ஓடி வந்தார். கயிற்றின் நுனியில் ஒரு பொட்டு வைத்தார். "இதுக்கு வச்சா ஒண்ணும் ஆகாதுல்ல மருமகளே?"

"ஆகாது அத்தை. இதுக்கு எவ்வளவு வேணும்னாலும் வைங்க."

ஊதா மறுபடி வந்தது. வறுத்து முடியும் வரை நான் கயிற்றை விடவில்லை. கடுகுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. கடைசிக் கொட்டை தொட்டியில் விழுந்து 'ஸ்ஸ்' என்றதும் பக்கத்து வீட்டம்மா கொடியிலிருந்த வேட்டியை எடுத்து வெயிலில் விரித்தார். நாங்கள் எல்லோரும் மதிலோரம் போய்த் தலைகளை நீட்டினோம்.

"இந்தா, ஒரு புள்ளி" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். புள்ளி நகர்ந்தது. ஓரமாக நடந்து போய், கரையில் ஏறி, மதிலில் இறங்கிவிட்டது.

"எறும்பு" என்றார் கைலிக்காரர், ஒரு நீதிபதியின் நிதானத்தோடு.

அதற்குப் பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பைச் சாலையில் போன பஸ்ஸிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டியை அந்த அம்மா முகத்தோடு வைத்து இழுத்து மோந்தார். கண் எரியவில்லை என்றார். லேசாக முந்திரி வாசம் வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும் என்றார். இவ்வளவு கூத்திலும் பேரன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான், இருமவில்லை.

"இருக்கட்டும் மதினி, அடுப்பு. ஆனா பொட்டிய நிறுத்துற அன்னைக்கு அடுப்பும் நிக்கணும்."

"நிக்கும்" என்றார் அக்கா. "அந்தக் கருத்த வேட்டிய டீச்சர்கிட்ட குடுத்துவிடு. தொவச்சு அனுப்புவாக."

துவைத்தேன். கறை போகவில்லை. புது வேட்டி வாங்கிக் கொடுத்தோம்.

மகள் திருச்சிக்குப் போய்விட்டாள். பெட்டி ஓடுகிறது. குழாய்களில் படியும் பசையை அக்கா வாரம் ஒருமுறை துடைக்கிறார். துடைக்கும் நாளில் நான் போன் செய்வேன். "மெயின அணைச்சுட்டீங்களாக்கா?" "அணைச்சுட்டேன் டீச்சர். பிளக்கு மடியில இருக்கு. பலகை மேல நிக்கிறேன். நீங்க பாடத்த நடத்துங்க." நான் அப்போது வகுப்பு வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன், அது அவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

போன சனிக்கிழமை போயிருந்தேன். அக்கா இரண்டு கையிலும் கொட்டையை வைத்துக்கொண்டு, "டீச்சர், சுவிட்சப் போடுங்க" என்றார். பக்கத்தில் வேறு யாருமில்லை. ரப்பர் செருப்பைச் சரிசெய்துகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, போட்டேன். ஜன்னல் ஊதாவானது. நான் போட்ட சுவிட்சில் வந்த மின்னல். கொஞ்சம் துள்ளிக்கூடக் குதித்தேன் என்று நினைக்கிறேன். அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் வேட்டி வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. என் இன்னொரு கையில், குங்குமம் வைத்த நுனியைச் சுற்றிச் சுற்றி, கயிறு இருந்தது.